நடு வயலில் நாற்பது செடி

புரோஃபீராவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய பிடிவாதத்தைத்தான் சொல்வார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி, அக்லாயா. முப்பது வருஷமாக இந்த ஊருக்குத் தபால் கொடுப்பவள். அவளுடைய நல்லது கெட்டதெல்லாம் என் பை வழியாகத்தான் போய் வந்தது. பிடிவாதக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் நடந்ததற்குப் பாதிக் குற்றவாளி நான்.

பதினாறு வயதில் நாங்கள் இருவரும் கூட்டுப் பண்ணையில் நார்க்கஞ்சா வேலைக்குப் போனோம். கஞ்சாவுக்கு உடன்பிறப்புதான், ஆனால் போதை கிடையாது. நாருக்கும் விதைக்கும் வளர்ப்பது. அக்டோபர் குளிரில் இடுப்பளவு குட்டைத் தண்ணீரில் நின்று, நார் உரிக்க ஊறப்போட்ட தட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கரையில் இழுத்துப் போட வேண்டும். அவளுக்கு முழங்கால் அப்போதே போய்விட்டது. பிறகு ஆட்சி மாறியது, பண்ணை கலைந்தது, நூற்பாலையைப் பூட்டினார்கள். பிழைக்க வழியில்லாமல் அவள் இத்தாலிக்குப் போனாள். பிரெஷியா நகரத்தில் பதினோரு வருஷம், யாரையோ பெற்ற தாய் தகப்பனைக் குளிப்பாட்டிச் சோறூட்டினாள். இங்கே அவள் புருஷன் நெகுலாய் உருளைக்கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு தனியாகக் கிடந்தான். பாவம்தான் இரண்டு பேரும்.

போகும்போது ஒரு துணிப்பையை என்னிடம் தந்தாள். அவள் அம்மா வழி வந்த விதை. எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அந்த விதையை அரைத்துப் பாலெடுத்து, அடுப்பில் திரியவைத்து, மெல்லிய ரொட்டித் தகடுகளுக்கு நடுவே தடவி அடுக்கி வைப்போம். குழந்தை ஏசுவைச் சுற்றிய துணி என்று பேர். அதற்குக் கடை விதை வாங்கினால் ஊர் சிரிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்த விதை. "வருஷா வருஷம் கொஞ்சம் விதைச்சு எடுத்து வைடி. எனக்கும் ஒரு பிடி அனுப்பு" என்றாள். அனுப்பினேன். இத்தாலிக்குப் போகும் வேன்காரனிடம் டிசம்பர் தோறும் கொடுத்துவிட்டேன்.

போன வருஷம் ஒரு கம்பெனி வந்தது. தட்டையின் உள்சக்கையைச் சுண்ணாம்போடு குழைத்துச் சுவர்க்கட்டி செய்கிறார்களாம், நாரைக் கார்க் கதவுக்குள் வைத்து அழுத்துகிறார்களாம், விதையை எண்ணெயாக ஆட்டுகிறார்களாம். உரிமம் வாங்கிப் பயிரிட்டால் முழு விளைச்சலையும் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். புரோஃபீரா திரும்பி வந்தாள். "என் முட்டியைத் தின்ன செடி இப்ப கார்ல ஏறிப் போகுதாம். போகட்டும், எனக்கும் கொஞ்சம் சோறு போட்டுட்டுப் போகட்டும்" என்றாள். மூன்று ஹெக்டேர் குத்தகை. பயிர் தேறினால் ஊரோடு இருப்பாள். இல்லையென்றால் செப்டம்பரில் மறுபடி பிரெஷியா. அங்கே ஒரு கிழவருக்கு ஆள் கேட்டு ஏற்கெனவே போன் வந்திருந்தது.

சட்டப்படி கம்பெனி மூட்டையில் வந்த முத்திரை விதையை மட்டும்தான் விதைக்கலாம். இவள் என்ன செய்தாள்? நான் திருப்பிக் கொடுத்த பையைப் பிரித்து, நடு வயலில் ஒரு பாத்தி அளவுக்குத் தன் விதை முழுவதையும் தூவினாள். ஓரத்தில் போட்டால் வழியில் போகிறவர்கள் ஒடித்துக்கொண்டு போவார்களாம்.

ஆகஸ்டில், பயிரில் போதைச் சத்து இருக்கிறதா என்று பரிசோதிக்க ஹுஷானு என்ற அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், முன்தலை வழுக்கை. வயலின் ஓரத்துச் செடியை எடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. நேரே நடு வயலுக்குப் போனார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம். போனவர் நின்றார். அங்கே செடிகளுக்கு நடுவே ஆங்காங்கே ஓட்டை.

"அம்மா, இங்க யாரு ஆண் செடியப் பிடுங்கினது?"

கம்பெனி ரகத்தில் ஆண், பெண் இரண்டும் ஒரே செடியில். பிடுங்க ஒன்றும் கிடையாது. பழைய விதையில்தான் ஆண் செடி தனியாக வரும். மகரந்தம் கொட்டியதும் ஜூலையில் அதைப் பிடுங்கிவிடுவது எங்கள் வழக்கம். புரோஃபீரா கைப்பழக்கத்தில் பிடுங்கியிருக்கிறாள். அவளே போட்ட விதையை அவள் கையே காட்டிக் கொடுத்துவிட்டது.

"எங்க அம்மாவும் இப்படித்தான் பிடுங்குவாங்க. வேற விதை கலந்தா மொத்த வயலையும் தள்ளணும், தெரியுமில்ல? ஒண்ணு செய்யுங்க. இந்தப் பாத்திய என் கண்ணு முன்னால வேரோட பிடுங்கிப் போடுங்க. அப்படியே எழுதிக்கிட்டு, மத்ததுல மாதிரி எடுத்துட்டுப் போறேன்" என்றார் அவர்.

நாற்பது செடி இருக்கும். விதை இன்னும் பால் பிடித்த நிலையில். பிடுங்கினால் அந்த விதையின் கதை முடிந்தது.

புரோஃபீரா பாத்திக்குள் போய் நின்றுகொண்டாள். "மாட்டேன் சார். எங்கம்மா விதை. வேணும்னா வயலையே தள்ளிக்குங்க. நான் இத்தாலிக்கே போறேன்."

"ஏய், லூசா நீ? பிடுங்குடி!" என்று கத்தினேன்.

"நீ பேசாம இரு, அக்லாயா."

அதிகாரி பேனாவைத் திறந்தார். நெகுலாய் நினைவுக்கு வந்தான். அவள் வருகிறாள் என்று சமையலறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தவன். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"புரோஃபீரா, அது உங்கம்மா விதையில்ல. புறாத் தீனி."

"என்னது?"

"மூணாவது வருஷமே உன் விதைய என் கோழிங்க தின்னுடுச்சு. பரண்ல ஏறிப் பையக் கிழிச்சு, ஒண்ணு விடாம. சந்தையில புறாக்காரன் தீனிக்கு விக்கிற நார்க்கஞ்சா விதைய வாங்கித்தான் அதே பையில போட்டு வச்சேன்."

"அப்ப நீ எனக்கு அனுப்பினது?"

"அதுவும்தான்."

"எட்டு வருஷமாடி? அந்த ஊர் அடுப்படியில உக்காந்து, அம்மா வாசனைன்னு அழுதுக்கிட்டே அரைச்சேனேடி!"

அதிகாரி வானத்தைப் பார்த்தார். அவள் குனிந்து முதல் செடியைப் பிடுங்கினாள். மண்ணோடு என் காலடியில் வீசினாள். நாற்பதையும் அப்படியே வீசினாள். கடைசிச் செடிக்கு வரும்போது அழுதுகொண்டிருந்தாள்.

செப்டம்பரில் முடிவுக் கடிதம் வந்தது. பயிர் தேறியது. வேலி மேல் கை நீட்டி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை இல்லை. அக்டோபரிலும் இல்லை, நவம்பரிலும் இல்லை. நெகுலாய் மட்டும் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் கதவு தட்டப்பட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரோஃபீரா நின்றாள். மறு கையில் ஒரு தட்டு, அதில் அடுக்கு ரொட்டி, மேலே சர்க்கரை.

"கம்பெனி விதை. என் வயல்ல விளைஞ்சது. நெகுலாய் நாலு தின்னுட்டான்."

வாங்கக் கை நீட்டினேன். அவள் தட்டை விடவில்லை. மடியிலிருந்து ஒரு புதுத் துணிப்பையை எடுத்துத் தட்டின் மேல் வைத்தாள்.

"கோதுமை விதை. உன் கோழிங்களுக்கு. நான் இனிமே எங்கயும் போகல, இங்கதான் இருப்பேன். என் பரண் பக்கம் மட்டும் அதுங்க தலைய நீட்டக் கூடாது."