கட்டிலின் சுவர்ப்பக்கம்

குறைந்துகொண்டே வந்த வலி திடீரென்று கூடினால் முதலில் புண்ணைச் சந்தேகிக்க வேண்டும். நான் இரண்டு நர்சிங் மாணவிகளைச் சந்தேகித்தேன்.

ஒக்கலிபுரம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்து (இடுப்பு மூட்டோடு சேரும் குறுகலான பகுதி) முறிந்தது. உலோக மூட்டு வைத்தார்கள். படுக்கையில் நான் கீழே சரியும்போதெல்லாம் மாணவிகள் பக்கத்துக்கு ஒருவராக நின்று, எனக்கு அடியிலிருந்த விரிப்பைப் பிடித்து ஒரே சமயத்தில் மேலே தூக்குவார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் ஸ்டெல்லா, கதவுப்பக்கம் தீபா. அப்படித் தூக்கினால் வலி தெரியாது.

ஒருநாள் வலி ஊசி போடத் தாமதமானது. என் மகன் கதவை மறித்து நின்று, மருந்துத் தட்டை ஓங்கி அறைந்தான். "எங்கப்பாவ யாருன்னு நெனச்சீங்க? தொலச்சிடுவேன்!" ஸ்டெல்லா அப்போது சந்துக்குள் நின்றிருந்தாள். நான் அவனைத் தடுக்கவில்லை. உள்ளுக்குள் திருப்தியாகவே இருந்தது. பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று கல்லூரியில் பாடம் நடத்திய காலம் முழுவதும் நம்பியவன் நான்.

மறுநாளிலிருந்து இருவரும் கதவுப்பக்கமே நின்றார்கள். விரிப்பு ஒரு பக்கமாக இழுபட்டு இடுப்பில் சுரீரென்றது. அடையாள அட்டை கழுத்திலிருந்து சட்டைப்பைக்குப் போயிருந்தது. புகார் செய்துவிடுவேன் என்று பெயரை மறைக்கிறார்கள் என நினைத்தேன். மாத்திரைகளின் உறையைக் காட்டச் சொன்னேன். தூங்குவதுபோலக் கிடந்து அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டேன். கடைசியில் டாக்டரிடம் சொன்னேன்.

அவர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "புண்ணு சுத்தமா இருக்கு சார். ஆனா ரெண்டு பேரும் ஏம்மா ஒரே பக்கம் நின்னு இழுக்கறீங்க?" இருவரும் கட்டைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார்கள்.

அவர் போனதும் கேட்டேன். "பழி வாங்கறீங்களா?"

"பழியா?" என்றாள் ஸ்டெல்லா. "அந்தச் சந்துல நின்னா எப்படி தாத்தா வெளிய ஓடறது?"

"எதுக்கும்மா ஓடணும்?"

"அன்னிக்கு அண்ணா கதவுல நின்னாரு. நான் உள்ள மாட்டிக்கினேன். எங்கியோ ஒரு ஆஸ்பத்திரில நர்சை முடியப் புடிச்சு அடிக்கறாங்களே, அந்த வீடியோ பாத்ததுலேந்து எங்கப்பா தெனமும் போன் பண்றாரு. 'படிச்சது போதும், வூட்டுக்கு வா'ன்றாரு. கதவு எப்பவும் நம்ம முதுகுக்குப் பின்னால இருக்கணும்னு சீனியர்ஸ் சொல்லிட்டாங்க."

தீபா தன் கன்னடத் தமிழில் சேர்ந்துகொண்டாள். "கார்ட் டேப்பும் கழுத்துல வேணாம் தாத்தா. புடிச்சு இழுத்துட்டா ஏன் மாடோது, என்ன பண்றது?" பிறகு, "நீங்க தூங்கற மாதிரி நடிக்கறதும் தெரியும். கொறட்ட இல்லாம தூங்கற ஆளா நீங்க?"

அந்த வீடியோவை நானும் பார்த்திருந்தேன். என் அறையோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

மகனை அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "உங்களுக்காகத்தானப்பா கத்தினேன்?" என்றான். "அதனாலதான் தடுக்கல. தப்பு என்னுதும்தான்" என்றேன். இருவரும் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அவனை வெளியே உட்காரச் சொன்னேன்.

ஸ்டெல்லா கதவைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். டம்ளரைக்கூட நடுங்காமல் பிடிக்க முடியாத கைகள். அவற்றை யாரும் அப்படிப் பார்ப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டையும் உள்ளங்கை தெரிய விரிப்பின் மேல் வைத்தேன். தீபா கதவை அகலத் திறந்து வைத்தாள். ஸ்டெல்லா சந்துக்குள் வந்து விரிப்பைப் பிடித்தாள். வலிக்கவில்லை.

அதன்பின் அவளுக்கு வேறு வார்டு. படிப்பைத் தொடர்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கதவை மறித்து நாற்காலி போடாதீர்கள்.

இப்போது வாக்கர் (நடக்க உதவும் சட்டகம்) பிடித்து நடக்கிறேன். அழைப்பு மணி அடித்த பிறகு காத்திருக்கும் நேரத்தை முன்பெல்லாம் அலட்சியம் என்றே நினைப்பேன். சென்ற முறை பரிசோதனைக்குப் போனபோது, ஒரு புதிய மாணவி வாசலில் சற்று நின்றுவிட்டு உள்ளே வந்தாள். அவள் நின்ற அந்த நேரத்தில், கைகளை எடுத்து மடிமேல் தெரியும்படி வைத்துக்கொண்டேன்.