மாதங்கியை வழியனுப்பும் உரிமை

அம்மா வழக்கமாகப் பள்ளிக்கு வரமாட்டார். அன்று மாலை ஸ்கூட்டியோடு வாசலில் நின்றார். "மூணாவது மாடி சுமதி தவறிட்டாங்கடி. கடையிலயே மயங்கி விழுந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றார். கேம்ப் ரோட்டுப் பேருந்துச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியைத் திறந்தேன். அன்று காலை, கடைக்குக் கிளம்பும் முன், சுமதி ஆன்ட்டி ஒரு பத்தி எழுதியிருந்தார். எனக்கு இல்லை. ரேவதிக்கு.

அவர் நினைவாக நான் எழுதும் இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவரை, அவர் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையில் தெரியும். மீதிப் பேருக்கு மாதங்கியாக மட்டுமே தெரியும். முதல் பாதிக்காகச் சொல்கிறேன். இணையத்தில் நாங்கள் சிலர் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். அதில் படம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் ஒரு பத்தி எழுதினால் மற்றவர் அதற்குப் பதில் எழுதுவார், கதை நகரும். என் பாத்திரம் வாளை ஓங்கலாம். ஆனால் வெட்டு விழுந்ததா என்பதை எதிரில் இருப்பவர்தான் எழுத வேண்டும். அடுத்தவர் பாத்திரத்தைத் தொடக்கூடாது. ஆன்ட்டியின் பாத்திரம் மாதங்கி, ஒரு கடற்கோட்டையின் தலைவி.

எனக்கு இதெல்லாம் தெரியவந்ததே ஒரு தவறால்தான். கோடையில் ஒருநாள், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆன்ட்டியிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. "வாயிற்காவலரே, கதவைத் திறவும். என் வாளுக்குப் பொறுமை குறைவு." செயலாளர் மாமா உடனே, "மேடம், செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருக்கார்" என்று பதில் போட்டார். கட்டடமே சிரித்தது. நான் மூன்றாம் மாடிக்கு ஓடினேன்.

"ஆன்ட்டி, அது யாரு பேசறது?"

"போச்சு, தப்பான குரூப்புல போட்டுட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "நீ ஒருத்திதான் சிரிக்காம கேக்கற. உள்ள வா" என்றார். அம்மாவிடம் அவரே பேசி எனக்கு அனுமதியும் வாங்கித் தந்தார்.

கல்லூரி நாட்களில் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து ஆடியவராம். கல்யாணம், வேலை, குழந்தை என்று அது விட்டுப்போனது. மகன் வெளியூர்க் கல்லூரிக்குப் போனதும் திரும்பி வந்தார். "நான் விட்டப்போ மாதங்கி கிணத்துப் படியில பாதி எறங்கி நின்னா. பாத்திரம் தேய்க்கறப்பல்லாம் நெனச்சுப்பேன், பாவம், இன்னும் அங்கயே நிக்கறாளேன்னு. வந்ததும் மொதல் வேலையா அவள மேல ஏத்தினேன்" என்றார்.

நான்தான் அவருக்கு முக்கியமான தோழியாக இருப்பேன் என்று நினைத்தேன். ஆனால் எனக்குச் சில மாதங்கள் முன்பே ரேவதி வந்திருந்தாள். கோவளத்துப் பெண். அவள் அம்மா மீன் விற்கிறார். என்னைப் போலவே பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு லகர ளகரம் தகராறு. என் பத்திகளில் ஒரு பிழை இருக்காது, உவமைகூட இருக்கும். ஆனாலும் ஆன்ட்டி எனக்கு நாலு வரி எழுதினால் அவளுக்கு நாலு பத்தி எழுதுவார். போதாததற்கு அவள் "அக்கா" என்று உரிமையோடு கூப்பிடுவாள். எனக்கு அவர் எப்போதும் ஆன்ட்டிதான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "நீ அழகா எழுதறடி" என்றார். "ஆனா நீயே கதவத் தெறக்கற, நீயே உள்ள போற, வெளக்கேத்தற, அழுதும் முடிச்சுடற. நான் எங்க நிக்கறது? அவ பாதியில நிறுத்துவா. எனக்குக் கை பரபரங்கும்." அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கும் பொறாமை உண்டு. புதிதாக வந்த ஒருவரோடு நான் நீளமாக ஒரு சந்தைக் காட்சி எழுதினேன். மறுநாள் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். "என்ன, இப்பல்லாம் யாரோ வணிகரோடதான் பேச்சாமே? எங்களுக்கெல்லாம் டைம் இருக்குமா?" அந்தச் சந்தோஷத்தில் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இனி வரவே மாட்டார் என்றால், கடைசியாக அவரோடு காட்சியில் இருந்தவர் அந்தப் பாத்திரத்தை வழியனுப்பி ஒரு பத்தி எழுதலாம். அந்த ஒரு தடவை மட்டும் அடுத்தவர் பாத்திரத்தைத் தொடலாம். அதன்பின் அந்தப் பாத்திரத்தை யாரும் எழுதக்கூடாது. அந்த உரிமை ரேவதிக்கு வந்தது. "எனக்கு விட்டுக்கொடு. ஆன்ட்டியை நேரில் தெரிந்தவள் நான்தான்" என்று அவளுக்கு எழுதினேன். அவள் போன் செய்தாள். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

"இன்னா நீ, ரூல் தெரியாதா உனுக்கு?"

"தெரியும். ஆனா நீ அவங்கள பாத்ததே இல்லல்ல?"

"பாத்ததில்லதான். அவங்க வூட்டுக்கு நீதான் போயிகினு வந்துகினு இருந்த. கடைசியா மொகத்தகூட நீதான் பாத்த. எனுக்கு இன்னா கீது? அவங்க எழுத்து மட்டுந்தான் கீது. அத்தயும் குடுன்றியே, நாயமா?"

 பிறகு அவளே கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அக்கா கொரல் எப்டி இருக்கும்? மெல்லிசா, கட்டையா?"

"கட்டை" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை ரேவதி எழுதினாள். மாதங்கி கோட்டைச் சாவியைக் காவலனிடம் கொடுத்துவிட்டுப் படகில் ஏறுகிறாள். துடுப்பைக் கையில் எடுக்கிறாள். அவ்வளவுதான், அங்கேயே நிறுத்திவிட்டாள். நான் குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். இரண்டு எழுத்துப்பிழை கிடைத்தது. நானாக இருந்தால் அந்தப் படகை அக்கரை வரை ஓட்டிக் கட்டியிருப்பேன் என்பதும் தெரிந்தது. பொறாமையில் அழுதேனா, துக்கத்திலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அவர் எழுதியதெல்லாம் குழுவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என்னிடம் இருப்பது வேறு. ஆன்ட்டி எதையும் அனுப்பும் முன் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். அடுப்பில் குழம்பு கொதிக்கும். முகவாயை உயர்த்திக்கொண்டு, கரண்டியை ஓங்கி, தொண்டை கரகரக்க மாதங்கியாகப் பேசுவார். கேட்டவள் நான் ஒருத்திதான். ரேவதி மறுபடி கேட்பாள். ஒருநாள் அவளுக்கு அப்படியே பேசிக் காட்டுவேன். இன்னும் கொஞ்ச நாள் அந்தக் குரல் எனக்கு மட்டும் இருக்கட்டும்.