சனிக்கிழமைக் கச்சேரி

எங்கள் பக்கத்தில் கச்சேரி என்றால் இரண்டு. ஒன்று பாட்டுக் கச்சேரி. மற்றது மாவட்டத்தின் அரசாங்க அலுவலகம். புளியந்தீவில் பழைய கோட்டைக்குள் இருந்த அந்த இரண்டாவது கச்சேரிக்கு அம்மா மாதம் ஒரு தடவையாவது போய்வருவார். பதினாறு வயதில் டியூசனுக்குப் போன அண்ணன் திரும்பி வராதபோது நான் கைக்குழந்தை. எனக்கு அவனைத் தெரியாது, அவனுடைய பைலைத்தான் தெரியும். இன்றைக்கும் அதற்குப் பதில் இல்லை.

ஒன்பது வயதில், ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து நான் சொன்ன வசனம் இன்னும் என் நாக்கில் கிடந்து உறுத்துகிறது.

"அம்மா, சனிக்கிழமை நாலு மணிக்கு உங்களையும் கூட்டிக்கிட்டுக் கச்சேரிக்கு வரட்டாம். சங்கீத ரீச்சர் சொன்னவ."

ரீச்சர் சொன்னது பாட்டுக் கச்சேரியை. வெளிநாட்டுக்காரர் நாலு பேர் வந்து, ஊத் என்ற அரபு வாத்தியத்தையும் ஜாஸையும் கலந்து வாசிக்கப் போகிறார்களாம். ஆனால் ரீச்சருடைய கணவர் மற்றக் கச்சேரியில் கிளாக்கர். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அந்தக் கையோடே எழும்பி நின்றார்.

"லீவு நாளில கூப்பிடுறாங்க எண்டா பெரிய விசயந்தான் புள்ள."

எனக்கும் அது பெரிய விசயமாகத்தான் இருந்தது. ஓம் என்றேன். 'பாட்டு' என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், பாவி நான்.

மறுநாள் அம்மா புதுச் சட்டை ஒன்று வாங்கிவந்தார். சித்தப்பாவைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகில் வைத்து அளவு பார்த்தார். சித்தப்பா மேசையில் கிடந்த அண்ணனின் பைலையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை அவருக்குத்தான் என்று எனக்கு ஒரே பொறாமை.

சனிக்கிழமை ஆரையம்பதியில் பஸ் ஏறினோம். பைலும் சட்டையும் அம்மாவின் மடியில் இருந்தன. புளியந்தீவில் இறங்கியதும் அவர் கோட்டைப் பக்கம் திரும்பினார்.

"அங்க இல்லம்மா, இஞ்சால" என்று கையைப் பிடித்து இழுத்தேன். லீவு நாள் என்பதால் வேறு இடமாக்கும் என்று வந்தார்.

சின்ன மண்டபம், முப்பது நாற்காலி இருக்கும். ரீச்சர் ஒரு தாளைப் பார்த்து வாசிக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அம்மா பைலுக்குள் இருந்த அண்ணனின் படத்தை வெளியே எடுத்து, நாற்காலி நுனியில் இருந்தார். நாலு பெயரும் முடிந்தன.

ஊத் என்றால் ஊதுகிற சாமான் என்று எங்கள் வகுப்புப் பொடியன்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். பார்த்தால் பாதியாக வெட்டின பூசணிக்காய்க்கு நரம்பு கட்டினதுபோல இருந்தது. தாடிக்காரர் ஒருவர் அதை மீட்டினார். ஊதியது பக்கத்தில் சாக்ஸபோன் வைத்திருந்தவர். ஊத் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க, சாக்ஸபோன் தன்பாட்டில் வேறு எதையோ சொல்லிக்கொண்டு போனது.

முதல் வாசிப்பு முடிந்து கைதட்டியபோது அம்மா எழும்பி ரீச்சரிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"ரீச்சர், எங்கட பேர எப்ப கூப்பிடுவாங்க?"

ரீச்சர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"அக்கா… இது பாட்டுக் கச்சேரி அக்கா."

"ஓம் ரீச்சர். ஓம், ஓம்."

அம்மாவுக்கு மேடையில் பாட ஆசையாக்கும் என்று நினைத்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

இடையில் எழும்பிப் போவது மரியாதை இல்லை என்றோ என்னவோ, அம்மா கடைசிவரை இருந்தார். கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. முடிந்ததும் தாடிக்காரர் நேரே அம்மாவிடம் வந்து, நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். தன் வாசிப்புக்குக் கிடைத்த கண்ணீர் என்று நினைத்திருப்பார். அம்மாவும் எழும்பிக் கும்பிட்டார்.

பஸ்ஸில் கேட்டேன்: "இன்னொருக்காக் கச்சேரிக்குக் கூப்பிட்டா வருவீங்களாம்மா?"

"கூப்பிட்டாப் போகத்தானே வேணும் மகள்."

அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். ஊத் கேட்டு அழுத ஒரே அம்மா என்னுடைய அம்மாதான் என்று திங்கட்கிழமை வகுப்பில் பெருமையடித்தேன். அந்தப் புதுச் சட்டையை அம்மா சித்தப்பாவுக்குக் கொடுக்காமல் ஏன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.