எதிர் நாற்காலியில் எங்கள் தமிழ்

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, துபாயில் நாங்கள் பயிற்சி பெற்ற பேட்மிண்டன் அரங்கிற்கு நெதர்லாந்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே இணையோடு இரட்டையர் ஆட்டம் ஆடியவர். முழங்கால் கைவிட்ட பின் ஆசிய நாடுகள் சிலவற்றில் பயிற்சியளித்துவிட்டு வளைகுடாவுக்கு வந்திருந்தார். பெரிய பட்டம் எதையும் தாம் வென்றதில்லை என்பதை முதல் நாளே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் நம்பினேன்.

என் இணை நாகர்கோவில்காரன். அஜ்மானில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்தான். இரட்டையர் ஆட்டத்தில் சர்வ் போடுபவன் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி, போடப்போவதைத் தன் இணைக்குத் தெரிவிப்பது வழக்கம். நான் வாயாலேயே சொல்வேன். தாழ்வாகப் போடுவதென்றால் ‘கீழ’, எதிராளியின் தலைக்கு மேல் அனுப்புவதென்றால் ‘தூக்கு’. தமிழ்ச் சங்க மேடைகளில் கைதட்டல் பெற்ற குரல் இருக்கையில் விரல் எதற்கு?

“மைக் மட்டுந்தாம்டே குறைச்சல்,” என்பான் என் இணை.

பயிற்சியாளர் தடுக்கவில்லை. தாமும் தம் இணையும் ஆசியப் போட்டிகளில் இப்படித்தான் டச்சு மொழியில் பேசி ஆடியதாகச் சொன்னார். சொற்களின் பொருளை என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் கற்றுக்கொடுத்தேன். ‘தூக்கு’ மட்டும் அவர் நாவில் ‘துக்கு’ என்றே வந்தது.

ஒருநாள் இன்னொன்றும் சொன்னார். வேறொரு நாட்டின் பயிற்சியாளராக இருந்தபோது, அவருடைய வீரர்கள் நெதர்லாந்து இணையோடு மோதினார்கள். களத்தின் ஓரம் எதிர்த்தரப்புப் பயிற்சியாளரின் நாற்காலியில் இருந்தவர் அவருடைய பழைய இணை. களத்தில் கேட்ட டச்சுச் சொற்களை இவர் தம் வீரர்களுக்கு விளக்கினார், அவர்கள் வென்றார்கள். பழைய இணை அதன்பின் இவரோடு பேசவில்லை.

“அது துரோகம் இல்லையா, கோச்?” என்று கேட்டேன்.

“நான் உட்கார்ந்திருந்தது அவங்களுக்குத் தெரியும். அவங்க வாயை மூடியிருக்கணும்.”

அடுத்த ஆண்டு அவர் ஷார்ஜாவில் வேறொரு பயிற்சி மையத்திற்கு மாறினார். பிரிவு விழாவில் நான்தான் பேசினேன். உணர்ச்சிக்கு மேலே கடமையை வைத்தவர் என்று அவரைப் புகழ்ந்தேன்.

அவர் சென்ற சில மாதங்களில் அமீரக அளவிலான இறுதிப்போட்டியில் நாங்கள் நின்றோம். வெல்லும் இணை குவைத்தில் நடக்கும் வளைகுடாப் போட்டிக்குப் போகும். பிளஸ் டூ முடிந்ததும் என் இணை கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறான். ஆகவே எங்கள் இருவருக்கும் அதுவே கடைசி வாய்ப்பு. எதிரே ஒரு பிலிப்பைன்ஸ் இணை. அவர்களுடைய நாற்காலியில் எங்கள் பழைய பயிற்சியாளர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் மகிழ்ச்சியோடு தலையசைத்தேன்.

முதல் ஆட்டத்தை எளிதாக வென்றோம். இரண்டாம் ஆட்டத்தின் இடைவேளையில் அவர் தம் வீரர்களின் முன் குனிந்து பேசினார். அவருடைய ஆங்கிலத்தின் நடுவே அந்தச் சொல் என் காதில் விழுந்தது: துக்கு.

அதன்பின் நான் ‘தூக்கு’ என்றால் எதிராளி முன்கூட்டியே பின்வாங்கி நின்று ஸ்மாஷ் அடித்தான். ‘கீழ’ என்றால் வலைக்கே பாய்ந்தான்.

“ஏலே, வெளங்கிட்டு அவனுவளுக்கு. மாத்திச் சொல்லு,” என்றான் என் இணை.

மாற்றிச் சொன்னேன். பழக்கத்தில் ஏமாந்தது என் இணைதான். விரல் காட்டிப் பார்த்தேன். பழகாத சைகையைப் பார்ப்பதா, ஷட்டிலைப் பார்ப்பதா என்று தடுமாறினான். இரண்டாம் ஆட்டம் போயிற்று. மூன்றாம் ஆட்டமும் போயிற்று.

ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளரோடும் கைகுலுக்க வேண்டும். என் இணை குலுக்கிவிட்டு ஒதுங்கினான். அவர் என் பக்கம் கை நீட்டினார்.

“இடைவேளைக்கு அப்புறமாவது நீ பேச்சை நிறுத்துவேன்னு நெனச்சேன்,” என்றார்.

“டச்சு உங்கள் தாய் உங்களுக்குக் கொடுத்தது. அதை எங்கே வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள்,” என்றேன். “இந்தச் சொற்களைக் கொடுத்தது நான். எங்கள் பயிற்சியாளர் என்பதற்காகக் கொடுத்தேன்.”

அவர் கையை மடக்காமல் முழுவதும் கேட்டார். “நல்லாப் பேசுற,” என்றார். அதில் கேலி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கைகொடுக்காததைப் புரிந்துகொண்டு, தம் வீரர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அஜ்மான் திரும்பும் வண்டியில் என் இணை மெல்லக் கேட்டான்: “தெரிஞ்சத வச்சு ஜெயிச்சாரு. அதுல என்னடே தப்பு? கை குடுத்திருக்கலாம்லா?”

குவைத்தை என்னோடு சேர்ந்து இழந்தவன் அவன். அவனே அப்படிக் கேட்டபோது அந்த வண்டியில் நான் தனியனானேன். எங்கள் இணை பிரிந்தது அவன் கோயம்புத்தூருக்குப் போன நாளில் அல்ல, அன்றைக்கே. அந்தக் கையைப் பற்றியிருக்க வேண்டும் என்று நான் இன்றும் எண்ணவில்லை.