கன்னியம்மன் ஏரியில் ஐந்தாவது முழுக்கு

"கட்டின புருசன் மேல ஒரு பொம்பள கை வைக்கலாமா?"

எளாவூர் செக்போஸ்ட் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் என்னைக் கேட்ட கேள்வி இது. எங்கள் ஊர்ச் சண்டை அதற்குள் லாரி ஏறி அவரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது. நான் அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். வைக்கலாம், கூடாது, இரண்டும் வாய்வரை வந்தன. இரண்டையும் டீயோடு விழுங்கிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் குணசுந்தரி. 1971-இல் அவளுக்கு இருபத்து மூன்று வயது. புருஷன் குப்புராஜுக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரைக் காணி நெல் நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. கூடவே எதற்கெடுத்தாலும் நீளும் கையும் இருந்தது. சோறு குழைந்தால் அடி, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமானால் அடி. அவளும் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள் தேசம்மா, நாலு வயது. நடக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இரண்டு காதிலும் சீழ். பத்து நாள் வடியும், காயும், மறுபடி வடியும். ஈ மொய்க்கும். கூட விளையாடும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். காய்ச்சல் வந்தால் தலையைப் பாயில் முட்டி முட்டி அழுவாள்.

குப்புராஜின் அக்கா ஜானகியம்மாள், புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டிலேயே இருந்தாள். குழந்தைக்கு வைத்தியம் அவள் பொறுப்பு. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூடு ஆறும் முன்னே காதில் ஊற்றுவாள். கையை ஒருவர், காலை ஒருவர் அமுக்கிக்கொள்ள வேண்டும். குழந்தை அலறும் அலறலில் கொட்டிலில் மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளும்.

எண்ணெயும் பலிக்காமல் போகவே ஜானகியம்மாள் கன்னியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஆடியில் தொடங்கி ஐந்து அமாவாசை, ஒவ்வோர் அமாவாசைக்கும் ஏரியில் மூன்று முழுக்கு. எங்கள் பக்கத்தில் சொறி சிரங்குக்கு இப்படி நேர்ந்துகொள்வது வழக்கம். மேல்தோலில் வரும் நோய்க்கு உள்ளதை அவள் காதுக்கும் சேர்த்துக்கொண்டாள்.

நாலாவது அமாவாசை முழுக்கு ஐப்பசியில் முடிந்தது. அதற்கு நாலாம் நாள் குப்புராஜ் வாசலில் மாடு பூட்டிய எருவண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். சக்கரத்துக்குப் பின்னால் தேசம்மா உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஏந்திரு!" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை.

"தேசம்மா! வண்டி வருது, ஏந்திருடி!"

அவள் இன்னொரு கொட்டையை எடுத்து வைத்தாள். குப்புராஜ் நுகத்தடியில் தொங்கி மாட்டை நிறுத்தினான். சக்கரம் அவள் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவன் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி நிறுத்தி, இடது காதோடு சேர்த்து ஓங்கி அறைந்தான்.

"கூப்ட்டா திரும்ப மாட்ட? அவ்ளோ திமிரா உனக்கு?"

குழந்தை புளியங்கொட்டை மேல் போய் விழுந்தது. அடுப்படியிலிருந்து குணசுந்தரி ஓடி வந்து தூக்கியபோது காதிலிருந்து சீழோடு ரத்தமும் கழுத்தில் இறங்கியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். அவர் சொன்னதை நர்ஸ் கிரேஸ் அவளுக்கு விளக்கிச் சொன்னாள்.

"இடது காது சவ்வு கிழிஞ்சி போச்சும்மா. அதுல கேக்கறது கஷ்டம். வலது காதுல சின்ன ஓட்டதான். ஈரம் படாம வச்சிகினா அது பொழைக்கும். இல்லன்னா கொயந்த செவிடுதான். ஆமா, எப்பெப்ப வடியுது?"

"இப்பல்லாம் அமாவாச கழிஞ்சி மூணு நாலு நாள்ல, சிஸ்டர்."

"அமாவாசைக்கு இன்னா பண்றீங்க?"

"ஏரியில முழுக்கு..." குணசுந்தரி பாதியில் நிறுத்திவிட்டாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று அவள் விரல் தானாக மடங்கியது.

கிரேஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லாக்குதும்மா! மாசா மாசம் நீங்களே குளிப்பாட்டி சீ புடிக்க வச்சிட்டு, எங்கள வந்து கேக்கறீங்களே!"

அன்றிலிருந்து குணசுந்தரி வேறு யாரையும் குழந்தையின் தலையைத் தொடவிடவில்லை. வேளைக்குச் சொட்டு மருந்து, திரித்த பஞ்சு, கழுத்துக்குக் கீழே மட்டும் குளியல். மூன்று வாரத்தில் வலது காது காய்ந்தது. ஒரு நாள் தூரத்தில் ரயில் கூவ, தேசம்மா தட்டில் கை வைத்தபடியே திரும்பி, "ம்மா, ரயிலு" என்றாள். குணசுந்தரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

கார்த்திகை அமாவாசை வந்தது.

"பாத்தியா நைனா," என்றாள் ஜானகியம்மாள் தம்பியிடம், "நாலு முழுக்குலயே அம்மா காய வச்சிட்டா. அஞ்சாவதயும் போட்டுட்டா வேண்டுதல் தீந்துடும்."

"காய வச்சது மருந்து, அண்ணி. கொயந்த தல நனையக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிக்கிறாங்க."

"அந்த நர்சம்மா இன்னா உனக்குக் கொலசாமியா? நேந்துகினத நிறுத்தினா அம்மா சும்மா உடுவாளாடி? பயிரு நிக்குது, மாடு நிக்குது..."

குப்புராஜுக்குச் சாமி பயம் அதிகம். எழுந்து குழந்தையின் கையைப் பிடித்தான். குணசுந்தரி குறுக்கே நின்றாள். உதடு கிழிய ஓர் அறை விட்டான். அவள் நகரவில்லை. அடிவயிற்றில் உதைத்தான். அவள் சுருண்டு விழுந்தாள். கதறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஏரிக்குப் போனான். ஜானகியம்மாள் கற்பூரத்தட்டோடு பின்னால் போனாள்.

குணசுந்தரி எழுந்து ஓடியபோது ஏரி மழையில் தளும்பிக் கிடந்தது. கரையில் முப்பது பேர் இருப்பார்கள். பூசாரி பச்சையப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று மணி ஆட்டிக்கொண்டிருந்தார். குப்புராஜ் இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தான். அவன் அமுக்கப் போகும் நேரத்தில் அவள் சேலையோடு பாய்ந்து குழந்தையைப் பிடுங்கிப் பூசாரியின் கையில் திணித்தாள்.

"புடிங்க சாமி! இது தல நனஞ்சிது, உங்களயும் சேத்து முக்கிடுவேன்!"

பச்சையப்பன் மணியை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்துக்கொண்டார். குப்புராஜ் அவள் கூந்தலைச் சுற்றிப் பிடித்து முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் தண்ணீரில் பரவியது. அடுத்த குத்துக்குக் கை ஓங்கியவன் சேற்றில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தான். அவள் விடவில்லை. அவன் கழுத்துத் துண்டை இரண்டு கையாலும் பற்றி, முழங்காலை அவன் முதுகில் ஊன்றித் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"ஒண்ணு!" என்று கத்தினாள். அவன் திணறிக்கொண்டு மேலே வந்தான். மறுபடி அமுக்கினாள்.

"ரெண்டு!"

கரையில் ஒருவரும் அசையவில்லை.

"மூணு! உங்க அம்மனுக்கு மூணு முழுக்கு ஆச்சு! எல்லாரும் எண்ணிகினீங்களா?"

கரையேறியதும் குப்புராஜ் பக்கத்தில் நின்ற ஒருவரிடமிருந்து மாடோட்டும் தார்க்குச்சியைப் பிடுங்கி அவள் முன்கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோதுதான் நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்தார்கள்.

"முழுக்கு கொயந்தைக்குதானே நேந்தேன்!" என்று ஜானகியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "பூசாரி, குத்தமாயிடுமே!"

பச்சையப்பன் குழந்தையையும் குணசுந்தரியின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்துக் குப்புராஜின் ஈரத் தலையில் வைத்தார்.

"நேந்த ஊட்டுத் தல ஒண்ணு முழுவிச்சி. அம்மா ஏத்துகினா. ஊட்டுக்குப் போங்க," என்றார். பூசாரியே சொன்ன பிறகு ஜானகியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

குணசுந்தரியின் கை எலும்பு சேர மூன்று மாதமானது. இன்றும் அது கொஞ்சம் கோணல்தான். குப்புராஜ் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை, அவள்மேல் அதற்குப் பிறகும் கை ஓங்கியிருக்கிறான். ஆனால் தேசம்மாவின் தலையில் யார் கையும் படவில்லை, ஏரித் தண்ணீரும் படவில்லை. இப்போது அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இடது காது கேட்காது. வலது காது வாத்தியார் பக்கம் இருக்கும்படி சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறாள். குப்புராஜும் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் வலது பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறான்.

காதில் சீழ் வடியும் குழந்தை உள்ள வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அங்கேயும் திமிர் என்று அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் என்றால் இந்தத் தாளையே கொடுத்துவிடுங்கள். தெரியாதவர்கள் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.