சிவப்புத் துணி முடிச்சு

விஜயாவின் மண்டைக்குள் பேசிக்கொண்டிருந்த குரல்கள் அடங்கி ஆறு வருடம் ஆகிறது. மாதம் ஒரு ஊசி, தினம் இரண்டு மாத்திரை. அடங்காதது மறதிதான். டீ குடிக்கப் போய்த் திரும்பினால் வேலையை எங்கே விட்டாள் என்று தெரியாது.

பிக்கட்டிக்கு மேலே அவள் வேலை பார்க்கும் தேயிலை எஸ்டேட்டில் ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை. அதில் கத்திரியால் வெட்டிய கொழுந்துதான் அவரவர் எடை; எடைக்குத்தான் கூலி. விஜயாவுக்கு எல்லா நிரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் எழுந்து போகும்முன் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணியைத் தன் செடியில் கட்டிவைப்பாள். இத்தனை வருடம் அவள் வேலையைக் காப்பாற்றியது அந்தத் துணி.

பக்கத்து நிரை சுகந்தி ஒருநாள் அதை அவிழ்த்து, நாலு நிரை தள்ளிக் கட்டிவிட்டாள். டீ முடிந்து வந்த விஜயா துணியைப் பார்த்து நேராகப் போய்க் கத்திரியை ஓட்டினாள். அது சின்னம்மை என்பவளின் நிரை.

“திருட்டு முண்ட! யாரு கொழுந்த வெட்டுற?” சின்னம்மை முடியைப் பிடித்து இழுத்தாள்.

“துணி இங்கதானக்கா இருக்கு?”

“கிறுக்கிக்குத் துணி ஒண்ணுதான் கேடு!”

சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விஜயாவுக்கு விளங்கிவிட்டது. கத்திரி பாய்ந்தது. சுகந்தியின் முழங்கைக்குக் கீழே சதை பிளந்து, ரத்தம் கொழுந்தில் கொட்டியது.

மருந்தடித்துக்கொண்டிருந்த மூன்று ஆண்கள் ஓடிவந்தார்கள். விஜயாவைக் குப்புறத் தள்ளி, பிடரியில் முட்டியை ஊன்றினார்கள். உதடு கிழிந்து வாயெல்லாம் மண். சாக்குக் கயிற்றால் எடைக் கொட்டகைத் தூணில் கட்டினார்கள்.

சூப்பர்வைசர் பவுல்ராஜ் வந்தார். “சத்தம் கேக்குதா மறுபடியும்?”

“சத்தமெல்லாம் இல்லீங்க சார். நிரை மறந்துபோச்சு.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“இல்லீங்க!” என்று கத்தினாள். ஒருவன் அறைந்தான்.

துண்டில் கையைச் சுற்றியிருந்த சுகந்தி, விஜயா அறை வாங்கியதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். “நாந்தாங்க சார் மாத்திக் கட்டினேன். சும்மா வெளையாட்டுக்கு.”

“வெளையாட்டோ என்னமோ, இனி இவளுக்குக் கத்திரி கெடையாது. கையால பறிக்கறதுன்னா வரட்டும். ஆள் பத்தல.”

கையால் பறித்தால் பாதி எடைகூடத் தேறாது. விஜயா மறுநாளே வந்தாள். மணிக்கட்டில் கயிற்றுத் தடம் வீங்கியிருந்தது.

பத்தாம் நாள் சுகந்தியும் வந்தாள், பதினோரு தையலோடு, அதே பக்கத்து நிரைக்கு. டீக்கு விசில் ஊதியது. விஜயா துணியைக் கட்டினாள். மூன்று முடிச்சு போட்டுப் பல்லால் இழுத்து இறுக்கினாள்.

“சுகந்தி.”

“என்னக்கா?”

“இப்ப அவுத்துப் பாரு.”

சுகந்தி கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

டீ முடிந்து விஜயா வந்தபோது துணி அங்கேயே இருந்தது. இத்தனை முடிச்சு எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. பல்லால் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, அந்தச் செடியிலிருந்தே பறிக்கத் தொடங்கினாள்.