அதிமதுரம் இல்லாத கஷாயம்

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் வீட்டிலேயே உட்கார்ந்து தின்றுகொண்டு சீன வைத்தியரிடம் போனாயே, அப்படி என்ன கேடு வந்தது உனக்கு என்று கேட்கிறாய். உனக்கு எதற்கு இந்த வேண்டாத விசாரணை? அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்திருப்பாய், போய் அதைப் பார். போகமாட்டாயா? சரி, உட்கார். ஆனால் 'உம்' கொட்டுவதோடு நிறுத்திக்கொள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கதை அறுந்துபோகும்.

நான் துபாய்க்குப் போனது மகளின் பிரசவம் பார்க்க. குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் மீன்கூடை சுமந்து வளர்த்த ஒரே பிள்ளை அவள். துபாயில் அல் குசைஸில் அவளுக்கு இரண்டு அறை வீடு, லிஃப்டில் ஏறிப் போக வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஊரிலேயே நின்றுவிட்டது, அதன் இருமல் மட்டும் என்னோடு விமானத்தில் வந்தது. சளி கிடையாது. தொண்டையில் ஒரு மீன்முள் நிற்பது போல, பேசினால் இருமல், சிரித்தால் இருமல். நான் சிரிக்காமல் இருக்கிறவளா? மகள் எக்ஸ்ரே எடுத்தாள், ரத்தம் பார்த்தாள், எல்லாம் சரி என்றார்கள். காய்ச்சலுக்குப் பிறகு வருகிற இருமல், தானாகப் போகும், கொஞ்ச காலம் ஆகும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பேத்தி அந்தக் காலத்துக்குக் காத்திருக்கவில்லை. முன்கூட்டியே பிறந்துவிட்டாள், உள்ளங்கை அளவு முகத்தோடு. மகள் எனக்குச் சட்டம் போட்டாள்: முகமூடி கட்டிக்கொண்டு அறைவாசலில் நிற்கலாம், உள்ளே வரக்கூடாது.

“இருமல் நிக்கட்டும்மா. நீ தூக்காட்டி பிள்ள வளராதா?” என்றாள்.

“பிள்ள வளரும் மக்ளே. நாந்தான் வளரமாட்டேன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு இருமல் வந்தது, அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் குற்றமில்லை. ஆனால் மாதக் கடைசியில் என் விசா முடிகிறது, திரும்பிப் போக டிக்கெட்டும் போட்டாயிற்று. கடல் தாண்டி வந்து, பேத்தியைக் கதவு இடுக்கில் பார்த்துவிட்டுத் திரும்பினேன் என்று நான் யாரிடம் சொல்ல?

மருமகனுக்கு ஜெபல் அலியில் குடோன் வேலை. அங்கே கூட வேலை பார்க்கும் ஒரு சீனக்காரர் சொல்லித்தான் அவருக்கு அந்த டாக்டரம்மாவைத் தெரியும். “ஒருக்கா காட்டிப் பாப்பம் மாமி” என்றார். மகள் முகத்தைச் சுளித்தாள். பிறகு, நான் விழுங்குகிற பிரஷர் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்து, “இதக் காட்டாம ஒண்ணும் வாங்கப்பிடாது. என்ன குடுத்தாலும் எனக்குப் போன் பண்ணணும்” என்று அனுப்பினாள்.

டாக்டரம்மா என் மகளைவிட மூத்தவள், என்னைவிட இளையவள். பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேரோ இலையோ. உள்ளே நுழைந்ததும் கோயில் திருநாளன்று மளிகைக்கடைக்குள் போனது போல ஒரு வாசனை. அவள் என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் கைத்தூண்டில் போட்டுவிட்டு, நூலை விரலில் பிடித்தபடி இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். கீழே இருட்டுத் தண்ணீரில் என்ன மீன் வந்து உரசுகிறது என்று அந்த நூல் அவருக்குச் சொல்லும். அப்படி ஓர் இருப்பை அவருக்குப் பிறகு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு கை முடிந்து மறு கையையும் அப்படியே பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டச் சொன்னாள்.

“ஊரே என் நாக்குக்குப் பயந்து ஓடுது, இவ பக்கத்துல வந்து பாக்காளே” என்றேன்.

“சும்மா இருங்க மாமி” என்று மருமகன் சிரிக்க, என்ன சொன்னேன் என்று தெரியாமலேயே அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து என் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவள் சிரிப்பு அடங்கியது. பிரஷர் பார்த்தாள், மாத்திரைகளை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் படித்தாள்.

என் இருமலுக்கென்று அவர்களிடம் ஒரு பழைய மருந்து இருக்கிறதாம். ஆயிரம் வருடத்துக்கும் முந்திய புத்தகத்தில் எழுதி வைத்தது. தொண்டை வறண்டு, உள்ளிருந்து மேலே மேலே ஏறி வருகிற இருமலுக்கு இது என்று. என்னைக் காணாமலேயே என் தொண்டையை ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று எனக்குப் புல்லரித்தது. அவள் ஒவ்வொரு சரக்கையும் எடுத்து என்னை மோந்து பார்க்கவிட்டாள். வெளிறிப்போன சின்னக் கிழங்குகள், இலந்தை போல ஒரு சிவப்புப் பழம், ஒரு கைப்பிடி பச்சரிசி.

“அரிசியா? அப்பம் நம்ம ரேஷன் கடைக்காரனும் டாக்டர்தான் மருமவனே” என்றேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு மஞ்சள் வேர்த்துண்டைக் காகிதத்தில் வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள். என் முகத்தருகே வந்து மோந்தாள். வாயைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினாள். என் தாடையோரத்தில் அடக்கி வைத்திருந்த அதிமதுரத் துண்டு வெளியே வந்தது. இதில் என்ன இருக்கிறது? தொண்டை கட்டினால் எங்கள் ஊரில் எல்லாரும் வாயில் போட்டுக்கொள்வதுதான். ஊரிலிருந்தே ஒரு பை நிறையக் கொண்டுவந்து, வந்த நாள் முதலாய் மென்றுகொண்டே இருந்தேன். மருந்து என்று நினைத்தால்தானே யாரிடமும் சொல்ல? முந்தானையில் முடிந்திருந்ததையும் வாங்கி, தன்னுடைய மஞ்சள் வேருக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றுதான்.

“திஸ் ஜாஸ்தி” என்று என் முடிச்சைக் காட்டினாள். “காலாஸ். மாஃபி.” எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துபாயில் இருந்தவளுக்கு, அரபியில் காலாஸ் என்றால் போதும், மாஃபி என்றால் இல்லை என்று தெரியாமல் போகுமா?

மருமகன் சொல்லித்தான் மீதி புரிந்தது. அவர்களின் பெரும்பாலான மருந்துகளில் இந்த அதிமதுரம் கொஞ்சமாக உண்டு. நானோ அதைச் சோறு போலத் தின்றிருக்கிறேன். அது உடம்பில் நீரைக் கட்டி வைக்கும், பிரஷரை ஏற்றும், ரத்தத்தில் இருக்கவேண்டிய ஒரு உப்பை வெளியே தள்ளிவிடும். நெஞ்சுக்கே ஆபத்தாகலாம். அவளே என் மகளுக்குப் போன் போட்டு, இன்ன ரத்தப் பரிசோதனை உடனே எடுக்க வேண்டும் என்று சொன்னாள். பிறகு காகிதத்தில் எடுத்து வைத்ததை எல்லாம் திரும்ப இழுப்பறைகளில் கொட்டினாள். அன்றைக்கு எனக்கு மருந்து கிடையாது. கூடை நிறைய மீனை வைத்துக்கொண்டு, உனக்கு இன்று வேண்டாம் போ என்று திருப்பி அனுப்பும் மீன்காரியை நான் பார்த்ததில்லை, நானும் அப்படி இருந்ததில்லை. வெளியே வந்து லிஃப்டில் நிற்கும்போது, இவளிடம் கழுத்தை நீட்டலாம் என்று மனதில் பட்டது.

பரிசோதனையில் அந்த உப்பு குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து கொடுத்தார்கள், அதிமதுரப் பையை மகள் குப்பையில் போட்டாள். காலில் வீக்கம் வடிந்தது. “ஏசி குளிரு, நடக்காம இருக்க, அதான் கால் வீங்குதுன்னு நெனச்சேன்” என்றாள் மகள். “ஒன் வாயில தேடல.”

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா மருந்து கட்டினாள். புத்தகத்தில் இருந்ததை அப்படியே கட்டவில்லை. அதிமதுரம் சுத்தமாக இல்லை. உடம்பைக் கிளப்பிவிடும் ஒரு விலையுயர்ந்த வேர் அதில் உண்டாம், என் பிரஷருக்கு அது ஆகாது என்று அதையும் எடுத்துவிட்டு, வேறொரு வெள்ளை வேரை வைத்தாள். அது கடற்கரை மணலில் வளர்வதாம். நான் மணலில் பிறந்தவள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நெத்திலிக்கு வைக்கிற புளியைச் சுறாவுக்கு வைப்பாளா ஒருத்தி? குழம்பு ஒன்றுதான், மீன் வேறு. அது எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பழைய எழுத்தில் கை வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும். அதைத்தான் மருமகனை விட்டுக் கேட்டேன். அவர் திருப்பிச் சொன்ன பதில் இது: “புஸ்தகம் எழுதுனவர் ஒங்களப் பாக்கல. நான் பாக்கேன்னு சொல்லுதாங்க மாமி.”

மகள் சரக்குப் பெயர்களை எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கஷாயத்துக்கு அடுப்பைப் பற்றவைக்க விட்டாள். காலை இருமல் அடங்கியது. ஆனால் வயிறு மந்தித்தது, சோற்றைக் கண்டால் பிடிக்கவில்லை. போய்க் குறை சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ நான் பலகாரம் கொண்டுவந்தது போல மகிழ்ந்துபோனாள். கிழங்கைக் குறைத்தாள், காய்ந்த ஆரஞ்சுத் தோலைச் சேர்த்தாள். மிச்ச இருமல் எப்போது வருகிறது என்றாள். மத்தியானம் என்றேன். மத்தியானம் எங்கே உட்கார்வாய் என்றாள். ஏசிக்கு நேர் கீழே. இழுப்பறைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அதற்கு இங்கே மருந்தில்லை, நாற்காலியைத் தள்ளிப் போடு என்றாள்.

நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். ஒரு நாள் மகள் என் எதிரே வந்து உட்கார்ந்து, ஊர்க்கதை கேட்டாள். யார் வீட்டில் கல்யாணம், யார் படகு விற்றார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்ற தாயிடம் ஆசையாகப் பேசுகிறாளே என்று நானும் வாய் வலிக்கப் பேசினேன், வயிறு குலுங்கச் சிரித்தேன். அவள் கேட்டது கதையை இல்லை, இருமலை என்று பிறகுதான் தெரிந்தது. எழுந்து உள்ளே போனாள். வந்து பேத்தியை என் மடியில் வைத்தாள். ஒரு நடுத்தர நெய்மீன் எடை இருப்பாள். எத்தனையோ மீனைத் தூக்கி எடை சொன்ன கை இது, தப்பாது. டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. இறக்கி வைக்கவே இல்லை என்று மகள் இன்றைக்கும் ஏசுகிறாள்.

பேத்தியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்த முதல் நாளே அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன மருந்து, யார் டாக்டர் என்று ஒரே கேள்வி. எதிர்வீட்டுத் தஞ்சாவூர்க்காரிக்குக் குடிக்காமல் மீந்த பொட்டலத்தின்மேல் கண். “அம்மா, அத இப்புடி குடுங்களேன். எங்க வீட்டுக்காரருக்கும் இதே இருமல்தான்” என்றாள்.

“ஒன் வீட்டுக்காரர நேருல கூட்டிட்டுப் போயிக் காட்டு மக்ளே” என்றேன். “இது எனக்குன்னு அளந்து கட்டுனது. இத அவரு குடிச்சா என் இருமல்தான் நிக்கும். அதுதான் நின்னாச்சே.”